‘பிறர் துணையின்றி’ என்று எழுதியது நான்தான்

“மேடம், இது உங்க கையெழுத்தா, பாருங்க” என்று அந்த அதிகாரி கோப்பை என் பக்கம் திருப்பினார்.

தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்தின் மாடி அறை. ஆனி மாதக் கடைசி. சன்னலுக்கு வெளியே சாரல். எங்கள் ஊர்ச் சாரலில் குடை பிடித்தால் நாலு பேர் சிரிப்பார்கள், பிடிக்காவிட்டால் நனைந்துவிடுவோம். அறைக்குள் ஈரக் காகித வாசனை. அந்த வாசனையில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டியவள் நான். கண்ணை மூடிக்கொண்டு மோந்தாலே எந்தப் பிரிவு என்று சொல்லிவிடுவேன்.

மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர். சக்கர நாற்காலியில் மாரியம்மாள். அப்போது அவளுக்கு நாற்பது வயது இருக்கும். பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கால்கள் வராது, கைகள் சொன்னபடி கேட்காது, பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். புத்தியில் மட்டும் எந்தக் குறையும் கிடையாது. எதிரே இருப்பவருக்குக் கொஞ்சம் குறைவு என்றால் உடனே கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்குப் பக்கத்தில் அண்ணன் சுப்பையா. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்துவிட்டு வந்து சுந்தரபாண்டியபுரத்தில் விவசாயம் பார்க்கிறவர். மூன்றாவது ஆள் நான், இதே துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள்.

முடிவாக வேண்டியது ஒன்றே ஒன்று. அச்சன்புதூர் பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓர் இல்லத்தில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிற மாரி, அங்கிருந்து கிளம்பி ஒரு தோழியோடும் உதவிக்கு ஓர் ஆளோடும் வாடகை வீட்டில் வாழலாமா, கூடாதா? அன்றைக்குச் சம்மதம் வராவிட்டால் வீட்டின் சொந்தக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார். மாரிக்கு மறுபடி இல்லத்துக் கட்டில்தான்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். பழுப்பேறிய தாள். ‘குறிப்புரை’ என்ற கட்டத்துக்குள் நீல மையில் ஒரு வரி: ‘பிறர் துணையின்றி வாழ இயலாதவர்.’ ஓரத்தில் என் சுருக்கொப்பம்.

“ஆமா சார். நான் எழுதினதுதான்.”

“அப்போ எப்படி மேடம்? நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா பதில் சொல்லப் போறது நான்.”

சுப்பையா நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாத்தியளா மேடம்? அன்னைக்கு முடியாதுன்னு எழுதினதும் நீங்க. இன்னைக்கு முடியும்னு கூட்டிட்டு வந்திருக்கதும் நீங்க. நாங்க எதை நம்ப?”

மாரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

என் ஒரே இலக்கியப் பணி

அந்த வரி பிறந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. போன வாரம் இதே இதழில் இடமாறுதல் உத்தரவுகளைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, பழைய சகா ஒருவர், ‘எல்லாரையும் கிண்டல் செய்கிறீர்கள், உங்களை மட்டும் விட்டுவிட்டு’ என்று கடிதம் போட்டிருந்தார். இந்தப் பத்திகள் அவருக்கு.

நான் இளநிலை உதவியாளராக இருந்த காலம். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஊனமுற்றோர் அடையாள அட்டை முகாம். மாவட்டம் அப்போது பிரியவில்லை. எல்லாத் தாளும் திருநெல்வேலிக்குப் போய்த்தான் திரும்பும். ஒண்ணாம் வகுப்புப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன். பினாயில் வாசனை, ஸ்டாம்ப் பேடு வாசனை, வரிசையில் அழுகிற பிள்ளைகள். அப்பாமார்கள் வளர்ந்த பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். டாக்டர் ஊனத்தின் சதவீதம் சொல்லுவார், நான் எழுதுவேன்.

படிவத்தின் கடைசிக் கட்டம் குறிப்புரை. ஆரம்பத்தில் அதில் ‘உதவி தேவை’ என்று எழுதினோம். உதவித்தொகைக்குப் போன கோப்பெல்லாம் திரும்பி வந்தது. ‘என்ன உதவி? எந்த அளவுக்கு? தெளிவுரை தேவை.’ ஒரு கோப்பு திரும்பி வந்தால் மூன்று மாதம் போச்சு. புளியரையிலிருந்து ஒரு மனிதர், பெண்ணைச் சுமந்துகொண்டு நாலு தடவை வந்தார். நாலாவது தடவை வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டே அந்த வரியைக் கட்டினேன். ‘பிறர் துணையின்றி வாழ இயலாதவர்.’ எந்தப் பக்கம் தட்டிப் பார்த்தாலும் ஓட்டை கிடையாது. மேலே இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதில் ஒரு கேள்வி போட முடியாது. அனுப்பிய கோப்பெல்லாம் ஒரே தடவையில் பாஸானது. புளியரைக்காரரும் அதற்குப் பிறகு வரவில்லை.

பிறகு அது பரவியது. தட்டச்சர் அதை ஸ்டென்சிலில் வெட்டினார். பக்கத்துத் தாலுகாக்காரர்கள் பார்த்து எழுதினார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் யாரும் எழுதவே வேண்டியதில்லை, தானாக விழுந்தது. லேசாகக் காது கேட்காதவருக்கும் அதே வரி, ஒரு விரல் போனவருக்கும் அதே வரி. நான் தமிழில் எழுதி இத்தனை பேரால் பிரதி எடுக்கப்பட்ட வேறு வரி கிடையாது. ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போர்த்தியவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

அந்த வரி உதவித்தொகைக் கோப்போடு நிற்கவில்லை. மாரியின் அப்பா இறந்ததும் அதை வைத்துத்தான் சுப்பையாவைச் சட்டப்படி அவளுக்குப் பாதுகாவலராக நியமித்தார்கள். அதை வைத்துத்தான் இல்லத்திலும் சேர்த்தார்கள். ஒரு தாளில் இருப்பதைப் பார்த்து அடுத்த தாளில் எழுதுவது எங்கள் தொழில் தர்மம். தாளுக்குப் பின்னால் இருக்கிற ஆளைப் பார்த்து எழுதினால் தாமதமாகும்.

சீசன் வீடு

ஓய்வுக்குப் பிறகு ஓர் அறக்கட்டளைக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். இல்லங்களில் வருஷக்கணக்காக இருப்பவர்களில் விரும்புகிறவர்களை வீடு எடுத்துக் குடிவைக்கப் போகிறார்களாம். உதவிக்கு ஆள் இருக்கும். ஆனால் வீடு அவர்களுடையது. “படிவமெல்லாம் உங்களுக்குத்தான் மேடம் தெரியும்” என்றார்கள். எனக்கும் வீட்டில் அனுப்ப வேண்டிய கோப்பு எதுவும் இல்லை. சரி என்றேன்.

மாரியும் செண்பகமும் முதலில் பெயர் கொடுத்தவர்கள். செண்பகத்துக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு. முப்பத்தைந்து வயது, பத்துக்கு மேல் எண்ண வராது, கை கால் நல்ல பலம், குரல் அதைவிடப் பலம். கண்ணாடி போட்டவர்கள் எல்லாருமே அவளுக்கு டீச்சர். இல்லத்தில் மாரியின் நாற்காலியைத் தள்ளுகிற வேலையை அவளாகவே எடுத்துக்கொண்டவள். “மாரி சொல்லும், நான் தள்ளுவேன் டீச்சர்” என்பாள்.

செண்பகத்துக்குக் குடும்பம் கிடையாது. அதனால் அவளுக்கான அனுமதி ஒரே வாரத்தில் வந்துவிட்டது. ஆட்சேபிக்க ஆள் இல்லாதவர்களுக்குக் காரியம் சீக்கிரம் முடியும்.

வீடுதான் கிடைக்கவில்லை. உதவியாளராகச் சேர்ந்த இசக்கியம்மாளும் நானும் குற்றாலம் பக்கம் தெருத் தெருவாக அலைந்தோம். இசக்கி அச்சன்புதூர்க்காரி. இல்லத்துச் சமையலறையில் இருந்தவள். பொறுமைசாலி, ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

குற்றாலத்தில் வீட்டுக் கதவைத் தட்டினால் முதல் கேள்வி: “எத்தனை பேரு? எத்தனை நாளு?”

“மூணு பேரு. வருஷத்துக்கு.”

“வருஷத்துக்கா! அப்பம் சீசனுக்கு நான் என்ன செய்ய?”

இன்னொருவர், சக்கரம் உருண்டால் மொசைக்கில் தடம் விழும் என்றார். சீசனுக்கு வருகிறவர்கள் எண்ணெய்க் குளியலை அந்த மொசைக்கின் மேல்தான் நடத்துகிறார்கள். மூன்றாவது வீட்டம்மாள் எங்களுக்கு மோர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, “தப்பா நினைக்காதீங்க மேடம். தெனமும் அந்தப் பிள்ளையளப் பாத்தா எங்களுக்குத் தாங்காது. எங்க வீட்டுல எல்லாருக்கும் இளகின மனசு” என்றாள்.

வெளியே வந்ததும் இசக்கி சொன்னாள்: “நாலு கல்நெஞ்சுக்காரங்களாப் பாருங்க மேடம். வீடு கெடைச்சிரும்.”

கிடைத்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் உள்ளடங்கிய தெரு. அருவிக்குத் தூரம் என்பதால் சீசன்காரர்கள் அதிகம் வராத வீடு. சொந்தக்காரர் பரமசிவம் அண்ணாச்சி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சுவர் ஒட்டிய அடுத்த வீட்டில் குடியிருப்பவர். மாரியைப் பார்த்தார். வாசலில் இருந்த இரண்டு படியைப் பார்த்தார்.

“படியை இடிச்சுக்கிடுங்க. ஆனி கடைசி வரைக்கும் பொறுக்கேன். அதுக்குள்ள முடிவு சொல்லணும். இல்லன்னா சீசனுக்கு யாரும் கேட்டா விட்டுருவேன்.”

அவ்வளவுதான். கண் கலங்கவில்லை, கடவுள் பெயரை இழுக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

சாய்தளத்துக்கு விதி உண்டு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். கொத்தனார் டேப்பை நீட்டிப் பார்த்துவிட்டு, “நீங்க சொல்லுத கணக்குப்படி போட்டா எதுத்த வீட்டுக்குள்ள போயி நிக்கும் மேடம்” என்றார். கடைசியில் மூலையில் ஒடித்து வளைத்துக் கட்டினார். இன்றைக்கும் அந்தத் தெருவில் பால்காரர் முதல் எல்லாரும் அதில்தான் ஏறுகிறார்கள். அங்கே படி இருந்ததே யாருக்கும் ஞாபகமில்லை.

என்ன குழம்பு?

நடைமுறைப்படி முதலில் பழகு நாட்கள். பத்து நாள் அந்த வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். அண்ணன் சுப்பையா அதற்கு மட்டும் சம்மதித்திருந்தார்.

முதல் நாள் காலை இசக்கி மாரியிடம் போய், “இன்னைக்கு என்ன குழம்பு வைக்க?” என்று கேட்டாள்.

மாரி திரும்பி என்னைப் பார்த்தாள்.

“உன்னத்தான் கேக்கேன். என்ன குழம்பு?”

“என்கிட்ட... ஏன்... கேக்க?” முகம் சிவந்துவிட்டது. கை நாற்காலியில் இடித்தது. நான் பயந்துபோய் எழுந்தேன்.

“எதுன்னாலும் அவகிட்டயே கேளுன்னு பயிற்சில சொல்லிக் குடுத்திருக்காவ. நான் கேட்டுத்தான் ஆவணும்” என்றாள் இசக்கி. “நீ பைய சொல்லு. எனக்கு என்ன, பஸ்ஸா போயிரும்?”

இல்லத்தில் சுவரில் ஓர் அட்டை தொங்கும். திங்கள் சாம்பார், செவ்வாய் புளிக்குழம்பு என்று ஞாயிறு வரைக்கும். அந்த அட்டைக்கு ஒப்புதல் கொடுத்த வரிசையில் நானும் ஒரு காலத்தில் இருந்தேன். சத்துணவு அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து ‘டிக்’ போடுவேன். சத்து சரியாகத்தான் இருந்தது.

அரை மணி கழித்து மாரியின் குரல் வந்தது. “உளுந்தஞ்சோறு.”

செண்பகம் கூவினாள்: “எள்ளுத் தொவையலு!”

“அது... நான்... சொல்லணும்லா, மூதி” என்றாள் மாரி. பிறகு இசக்கியைப் பார்த்து, மிகவும் யோசித்து முடிவெடுத்தவள் போல, “எள்ளுத் தொவையல்” என்றாள்.

எள் வறுபடுகிற வாசனை அன்றைக்கு அந்தத் தெரு முழுக்க. நான் எத்தனையோ விழாக்களில் சிறப்பு விருந்தினர்களுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். அந்தச் சமையலறை வாசலில் நின்ற அரை மணி நேரம்தான் இப்போது ஞாபகத்தில் இருக்கிறது.

நெற்றியில் ஒரு வீக்கம்

ஆறாம் நாள் விடிந்ததும் மாரி விழுந்தாள்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானாக மாறுவது என்று முடிவு செய்து, மூன்று நாளாகப் பழகிக்கொண்டிருந்தாள். இசக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்வாள், மாரி கம்பியைப் பிடித்து நகர்வாள். அன்று இசக்கி பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் இவள் முந்திக்கொண்டாள். நெற்றி கட்டில் காலில் இடித்துப் புடைத்துவிட்டது. இசக்கி போன் செய்து நான் போய்ச் சேர்வதற்குள் டாக்டர் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார்.

இல்லத்தில் இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. விழுகிற தூரத்துக்கு அவளை அங்கே யாரும் விட்டதில்லை.

சுப்பையா வருவதற்கு அந்த நாளா கிடைத்தது! கையில் கத்தரிக்காயும் இரண்டு தேங்காயும் இருந்த பை. வாசலில் ஏறும்போதே கண்ணில் பட்டுவிட்டது.

“ஏட்டி, நெத்தியில என்ன?”

“விழுந்தேன்.”

“யாரு தள்ளுனா?”

“யாரும்... தள்ளல. நானே... விழுந்தேன்.” சொல்லும்போது அவள் முகத்தில் ஏதோ பரிசு வாங்கிய மாதிரி ஒரு களை. சுப்பையாவுக்கு அது தெரியவில்லை.

பையைத் தரையில் வைத்தார். “போதும் மேடம். நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவ இல்லத்துக்கே போட்டும்.”

நான் விதிகளை எடுத்துச் சொன்னேன். உட்பிரிவுகள் உட்பட. ராணுவத்தில் இருந்தவர் என்பதால் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க படிச்சவுக. நான் ஊருக்குள்ள இருக்கவன். தங்கச்சி எங்கன்னு கேட்டா, இல்லத்துல இருக்கான்னு சொல்லுதேன். ஒருத்தனும் மேல பேச மாட்டான். வாடகை வீட்டுல வச்சிருக்கேன்னு சொன்னா, அண்ணன்காரன் வீட்டுல இடமில்லையோன்னு கேப்பாம்லா? என் வீட்டுல வாசல்லயே அஞ்சு படி. கக்கூஸு பின்னால தோட்டத்துல.” நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “கட்டணும் கட்டணும்னு இருபது வருஷமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பையைப் பார்த்துச் சொன்னார்.

மாரி சுவர்ப்பக்கம் நாற்காலியைத் திருப்பச் சொன்னாள். செண்பகம் திருப்பினாள். எதுவும் புரியாமல், ஆனால் ஏதோ கெட்டுப்போனது என்று புரிந்து, கத்தரிக்காய்களைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக அடுக்க ஆரம்பித்தாள்.

மாரி மறுபடி இல்லத்துக்குப் போனாள். விஷயம் அந்த மாடி அறைக்கு வந்தது. பாதுகாவலர் மறுத்தால் அதிகாரி முன்னிலையில் விசாரணை. விதியைக் கண்டுபிடித்து விண்ணப்பம் எழுதியது நான். கோப்பில் என் வரியே எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

மறுபடி அந்த அறை

“சார், அந்த வரியை இன்னொரு தரம் படிங்க” என்றேன்.

படித்தார். “பிறர் துணையின்றி வாழ இயலாதவர்.”

“வாழ இயலாதவர்னு எழுதலை. துணையின்றி இயலாதவர். துணை இருந்தா இயலும்னுதானே அர்த்தம்? இப்போ துணை இருக்கு. சம்பள ஆள் இருக்கு, தோழி இருக்கு, பக்கத்து வீட்டுல ஆள் இருக்கு. என் குறிப்புரைக்கும் இந்த விண்ணப்பத்துக்கும் முரண்பாடு இல்லை சார். சொல்லப்போனால் இதுதான் அதன் தொடர் நடவடிக்கை.”

அவர் சிரித்துவிட்டார். “வார்த்தையை வச்சு விளையாடுறீங்க மேடம்.”

“வேற எதை வச்சு சார் நாம விளையாடியிருக்கோம், இத்தனை வருஷமா?”

ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை. நல்ல அதிகாரி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். கோப்பை மூடிவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக மாரியைப் பார்த்தார்.

“ஏம்மா, தனியா இருந்துக்கிடுவீங்களா?”

மாரி வாயைத் திறந்தாள். கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. முதல் சொல் வரவில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார். வழக்கம் அதுதான், அவள் ஆரம்பிப்பாள், கூட இருக்கிற நாம் முடித்துக் கொடுப்போம். எனக்கு அது நன்றாகவே வரும். நாக்கு நுனிவரை ஒரு பதில் தயாராக இருந்தது, இரண்டு உட்பிரிவுகளோடு.

“பொறுங்க சார். அவளே சொல்லுவா.”

சுப்பையாவால் தாங்க முடியவில்லை. “அவ என்ன சொல்ல வாரான்னா சார்...”

“அண்ணே.” மாரிக்குச் சொல் வந்துவிட்டது. “சும்மா... இரு.”

அறையில் மின்விசிறிச் சத்தம். வெளியே யாரோ குடையை உதறினார்கள். அவ்வளவு நேரம் ஓர் அரசு அலுவலகத்தில் ஒரு மனுஷிக்காக எல்லாரும் வாய் மூடிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

“இப்பந்தான் சார்... தனியா... இருக்கேன்.” மூச்சு வாங்கினாள். “நாப்பது பேரு... நடுவுல.”

மாரி அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“விழுந்தா... தூக்க ஆளு... இருக்கு. நீ... ஊருல சொல்லு. மாரி... வீடு எடுத்து... இருக்கான்னு.”

சுப்பையா சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. பிறகு, முற்றிலும் வேறொரு விஷயம் பேசுகிறவர் மாதிரி கேட்டார்:

“ஏட்டி, சந்தைக்கு வந்து நேரமாயிட்டுன்னா அங்கன தங்க எடம் இருக்குமா?”

மாரி யோசித்தாள். அவசரப்படவே இல்லை.

“பாய்... இருக்கு. தலவாணி... நீ கொண்டுட்டு வா.”

அவர் கையெழுத்துப் போட்டார். அதிகாரியும் போட்டார். கூடவே ஒரு நிபந்தனை: மாதா மாதம் முன்னறிவிப்பின்றிப் பார்வையிட்டு நான் அறிக்கை தர வேண்டும். எங்கள் துறையில் ஒரு நல்ல காரியம் நடந்தால் அதற்கு ஒரு படிவம் பிறந்தே தீரும்.

திரும்பும்போது ஆட்டோவில் நான் மாரியிடம், “அந்த வரியை உனக்கு எழுதினதே எனக்கு ஞாபகம் இல்லை மாரி” என்றேன்.

“எனக்கு... இருக்கு.”

“என்னது?”

“பச்சைச் சேலை... கட்டியிருந்திய. எங்கப்பா தோள்ல... இருந்தேன். எங்கப்பாகிட்ட... எல்லாம் கேட்டிய.” ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறியது. “என்கிட்ட... பேருகூட... கேக்கல.”

பன்னிரண்டு வயதுப் பெண் அப்போது. நான் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். அதற்குப் படிவம் எதுவும் எனக்குத் தெரியாது. அவள் முகத்தில் தெறித்த சாரலைத் துண்டால் துடைத்துவிடப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

விளக்கம் தேவை

முதல் மாத அறிக்கைக்காக, விதிப்படி யாருக்கும் சொல்லாமல் போனேன். ஆடி பிறந்து, சீசன் உச்சத்தில் இருந்தது. வீடு பூட்டியிருந்தது.

பரமசிவம் அண்ணாச்சி தன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். “அவுக ஐந்தருவிக்குப் போயிருக்காவ. காலையிலயே கெளம்பியாச்சு. அந்தச் செண்பகம் புள்ள போட்ட சத்தத்துல தெருவே முழிச்சிக்கிட்டு.”

“எப்போ வருவாங்க?”

“அது எப்படி எனக்குத் தெரியும்? நான் என்ன அவுகளுக்கு வார்டனா?”

இல்லத்திலிருந்து ஐந்தருவி அரை மணி நேரப் பயணம்தான். இருபத்திரண்டு வருஷத்தில் மாரி இரண்டு தடவை போயிருக்கிறாள், வேனில், வரிசையாக, மஞ்சள் தொப்பி போட்டு. நான் சாய்தளத்தின் விளிம்பில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். ‘பயனாளி வீட்டில் இல்லையெனில் காரணம்’: அருவி. ‘வெளியே செல்ல அனுமதி அளித்தவர்’: மாரியம்மாள், செண்பகம்.

இரண்டு வாரத்தில் அது திரும்பி வந்தது. ‘பயனாளிகள் தமக்குத் தாமே அனுமதி அளித்துக்கொள்ள விதியில் இடமுண்டா? பார்வையிடும் நேரத்தில் வீடு பூட்டப்பட்டிருந்தமைக்கும் விளக்கம் தேவை.’ நல்ல கேள்விகள். நான் இருந்திருந்தால் மூன்றாவதாகவும் ஒன்று கேட்டிருப்பேன்.

இந்தத் தடவை அந்தத் தாளை நேரே மாரியிடம் எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் இசக்கி மங்குஸ்தான் உரித்துக்கொண்டிருந்தாள். செண்பகத்தின் வாயெல்லாம் கறை. மாரியிடம் முழுதும் படித்துக் காட்டி, “இதுக்கு என்ன பதில் எழுத?” என்று கேட்டேன்.

ஒரு சுளை தின்று முடிக்கும்வரை என்னைக் காக்க வைத்தாள்.

“வாரவுகள... போன் பண்ணிட்டு... வரச் சொல்லுங்க. நாங்க... இருந்தா... தொறக்கோம்.”

நான் அலுவலகத் தமிழில் எழுதினேன்: ‘பார்வையிட வரும் அலுவலர்கள் முன்கூட்டியே தெரிவித்து வரலாம். பயனாளிகள் வீட்டில் இருப்பின் கதவு திறக்கப்படும்.’ வாசித்துக் காட்டினேன்.

“பயனாளி... யாரு?”

“நீங்க ரெண்டு பேரும்தான்.”

“வீட்டுக்காரங்கன்னு... போடுங்க.”

“அதெப்படி மாரி? வீட்டுக்காரர்னு போட்டா பரமசிவம் அண்ணாச்சின்னு ஆயிரும். அவர் பேர்லதானே வீடு? மறுபடியும் விளக்கம் கேப்பாங்க.”

மாரி சுவருக்கு அந்தப் பக்கம், அண்ணாச்சி வீட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

“அவரு... பக்கத்து வீட்டுக்காரரு” என்றாள்.

‘பயனாளிகள்’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘வீட்டுக்காரர்கள்’ என்று எழுதினேன்.